மூளை டி.பி.: எந்த ஆஸ்பத்திரி, எப்போது மருந்து, எப்போது ஊர்?

எங்கள் சந்தில் யாருக்காவது உடம்பு மோசமானால், ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுப்பதற்கு முன்பே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "பேசாம ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோமா?" மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் எங்களில் பாதிப் பேருக்கு ஊர் என்றால் திருநெல்வேலிச் சீமை. தாதரில் ரயில் ஏறினால் ஒன்றரை நாள். கால் ஒடிந்து படுத்திருப்பவரை ஊருக்கு அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூளை டி.பி. வந்தவருக்கு அந்த ஒன்றரை நாள்தான் நடமாட்டத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

நான் டாக்டர் இல்லை. இந்தியும் மராத்தியும் தடையில்லாமல் வரும் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல வருஷமாகத் துணைக்குப் போகிறேன். டாக்டர் சொல்வதைச் சித்திமார்களுக்குச் சொல்வதும், அவர்கள் கேட்க நினைத்துத் தயங்குவதை டாக்டரிடம் கேட்பதும் என் வேலை. போன வருஷம் சொந்தச் சித்தியின் மகனுக்கே இந்த நோய் வந்தது. வயது 22, தையல் பட்டறை வேலை. அப்போது நாங்கள் எடுக்க வேண்டியிருந்த ஒவ்வொரு முடிவையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். டி.பி. என்றால் இருமலும் சளியும்தான் நம் நினைவில் வரும். நூறு டி.பி. நோயாளிகளில் சுமார் ஒருவருக்கு அது மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் போய் உட்காருகிறது. இருமலே இல்லாமல், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும்கூட வரலாம். மூளையின் அடிப்பாகத்தில் பசை மாதிரிக் கெட்டியான ஒரு படிவு சேர்கிறது. அது மூளைநீர் ஓடும் வழியை அடைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ரத்தக் குழாயை நெருக்கினால் பக்கவாதம் வரும். கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் மாறுகண்ணோ பார்வைக் குறைவோ ஏற்படும்.

யார் பிழைப்பார், யார் முடங்குவார் என்பதைத் தீர்மானிக்கிற சில விஷயங்கள் நம் கையில் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எச்.ஐ.வி. இருந்தால் இன்னும் கூடுதல். மருந்துக்கு மசியாத கிருமியாக இருந்தால் எல்லாவற்றையும்விட மோசம். ஏற்கெனவே நீர் கோத்திருப்பது, பக்கவாதம் வந்திருப்பது, ரத்தத்தில் உப்பு குறைந்திருப்பது ஆகியவையும் கணக்கில் சேரும். நம் கையில் இருப்பதும், இவை அத்தனையிலும் கனமானதும் ஒன்றுதான்: எந்த நிலையில் மருந்து தொடங்கினோம்.

நோயை மூன்று நிலையாகப் பிரிப்பது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1948-ல் கொண்டுவந்த வழக்கம். இன்றும் டாக்டர்கள் அதைத்தான் பேசுகிறார்கள். முதல் நிலையில் தலைவலி, காய்ச்சல், வாந்தி இருக்கும், ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். இரண்டாம் நிலையில் பேச்சு குழறும், மந்தமாக இருப்பார், அல்லது கை காலில் ஒரு பக்கம் தளரும். மூன்றாம் நிலை ஏறக்குறைய நினைவு தப்பிய நிலை. முதல் நிலையில் மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். மூன்றாம் நிலையில் தொடங்கினால் நல்ல ஆஸ்பத்திரியிலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அதனால் எந்த யோசனை வந்தாலும் நான் கேட்கும் கேள்வி இது: இப்படிச் செய்தால் முதல் மாத்திரை வயிற்றுக்குள் போக எத்தனை நாள் ஆகும்?

எந்த வாசல்

தம்பிக்குத் தலைவலி தொடங்கிப் பத்து நாள் வரை யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. மாலையானால் காய்ச்சல், காலையில் வாந்தி. பக்கத்து நர்சிங் ஹோமில் பாட்டில் ஏற்றினார்கள். கூடவே லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. மூன்று நாள் தெளிவாக இருந்தான், சித்திக்கு நிம்மதி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வகை மருந்துக்கு டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும் சக்தி உண்டு. அரைகுறையாக அடக்கி, நோயை மறைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். ஸ்டீராய்டு ஊசியும் தனியாகப் போட்டால் அப்படித்தான் சில நாள் ஏமாற்றும். டி.பி.யோ என்ற சந்தேகம் இருக்கும்போது இவற்றால் வரும் சுகத்தை நம்பக் கூடாது.

நான்காம் நாள் ராத்திரி அவன் தன் அம்மாவை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பட்டறையில் நூல் தீர்ந்துவிட்டது என்று சுவரைப் பார்த்துப் பேசினான். பேய் அடித்திருக்கிறது என்று ஒருவர் திருநீறு கொண்டுவந்தார். திருநீறு பூசுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பூசிக்கொண்டே டாக்ஸியில் ஏறினோம்.

எங்கே போவது? நர்சிங் ஹோமிலேயே தொடர்வது, சிவ்ரி காசநோய் மருத்துவமனை, சயான் ஆஸ்பத்திரி, கடன் வாங்கிப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. நான்கு யோசனையும் அந்த டாக்ஸிக்குள்ளேயே வந்தன. டி.பி. என்று சந்தேகம் வந்ததும் மும்பைக்காரர்கள் வாயில் சிவ்ரி பெயர்தான் முதலில் வரும். நுரையீரல் டி.பி.க்கும் மருந்துக்கு மசியாத டி.பி.க்கும் அந்த இடத்துக்கு இருக்கும் அனுபவம் பெரிது. ஆனால் குழம்பிப் பேசுகிறவனுக்கு முதல் இரண்டு நாளில் வேண்டியது வேறு: ராத்திரியிலும் சி.டி. ஸ்கேன், முதுகில் நீர் எடுக்கத் தெரிந்த கை, தேவைப்பட்டால் மூளை அறுவை டாக்டர், தீவிர சிகிச்சைப் படுக்கை. இது நான்கும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் பொது மருத்துவமனைதான் சரி. எங்களுக்கு சயான் பக்கம். பரேலில் இருப்பவருக்கு கே.இ.எம். பக்கம். தனியாரில் இந்த நான்கும் உண்டு, கூட்டமும் குறைவு. ஆனால் இந்த நோய்க்கு இரண்டு நாள் படுக்கை போதாது, வாரக்கணக்கில் ஆகும். பத்தாம் நாள் பணம் தீர்ந்து நடுவழியில் இடம் மாற்றுவதைவிட, முதல் நாளே மாநகராட்சி ஆஸ்பத்திரியின் நெரிசலைப் பொறுத்துக்கொள்வது மேல் என்பது என் கட்சி. பணம் இருப்பவர்கள் தனியாருக்குப் போகட்டும், தவறில்லை. டி.பி. மாத்திரையைத் தனியார் டாக்டர் எழுதினாலும் அரசுத் திட்டத்தில் இலவசமாக வாங்கலாம் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி

இந்த இடத்தில்தான் அதிகக் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏ பிள்ள, முதுகுல குத்தினா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிரும்னு சொல்லுதாவளே?"

அந்தப் பயத்தை அதட்டி அடக்கக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டின் உள்ளே இருக்கும் தண்டுவடம் இடுப்பு எலும்புகளில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே மூளையைச் சுற்றி ஓடும் அதே நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன. ஊசி போட்ட பிறகு சிலருக்கு ஒன்றிரண்டு நாள் தலைவலி வரும், பெரும்பாலும் அவ்வளவே. காலில் வரும் தளர்ச்சி நோயால் வருவது. ஊசி போட்ட மறுநாள் நோய் முற்றிக் கால் தளர்ந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. நினைவு மங்கியவருக்கு முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சித்தி கையெழுத்துப் போட்டாள்.

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் வயிற்றில் படும்படி மடக்கினார்கள். ஊசியின் பின்பக்கத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் குப்பிகளில் விழுந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. நீர் கொஞ்சமாக எடுத்தால் கிருமி அகப்படாது, ஆறு மில்லிக்கு மேல் இருந்தால்தான் தேடுவதில் பலன் உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே பொறுமையாக எடுத்தார். சித்தி எட்டிப் பார்த்து, "தண்ணி தெளிஞ்சுதானே இருக்கு" என்றாள். சாதாரண மூளைக்காய்ச்சலில் அது கலங்கி, சீழ் மாதிரி இருக்கும். டி.பி.யில் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். அந்தக் குப்பியை அசைக்காமல் வைத்திருந்தபோது உள்ளே மெல்லிசாக ஒரு ஒட்டடை படர்ந்தது. டி.பி.யில் வரும் அடையாளம் அது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறு பேச்சில்லாமல் மருந்துச் சீட்டை எடுத்தார்.

முடிவு வரட்டும் என்பதா, இன்றே மாத்திரையா

எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெரியது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்கான மருந்து, கல்லீரலைப் பதம் பார்க்கும் மருந்து. நோய் உறுதியாகாமல் எப்படிக் கொடுப்பது என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. உறுதிப்படுத்தும் வழிகளைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தென்படுவது அபூர்வம். வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை நம்பகமானது, ஆனால் ஆறு வாரம் வரை ஆகும். நினைவு மங்கியவனுக்கு ஆறு வாரம் என்பது பேச்சுக்கே இடமில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும், டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். 2013 முதல் மூளைநீருக்கு இதைத்தான் முதல் சோதனையாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அது 'உண்டு' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் நம்ப முடியாது. மூளைநீரில் கிருமி மிகச் சொற்பமாக இருப்பதால், நோய் இருக்கிற பலருக்கும் 'இல்லை' என்றே வருகிறது.

தம்பிக்கும் அப்படித்தான் வந்தது. நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, புரதம் எகிறியிருந்தது, சர்க்கரை ரத்தத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் மட்டும் இல்லை என்றது. "இல்லைன்னு வந்துட்டுல்லா, பெறவு எதுக்கு இம்புட்டு மாத்திரை?" என்று சித்தப்பா ஃபோனில் சத்தம் போட்டார். டாக்டரோ சோதனை முடிவு வருவதற்கு முன்பே, முதல் ராத்திரியே மருந்தைத் தொடங்கியிருந்தார்.

இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். மருந்து கொடுத்து, பிறகு வேறு நோய் என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். நடுவில் மஞ்சள் காமாலை வருகிறதா என்று ரத்தப் பரிசோதனையில் கண்காணிக்கலாம். மருந்து கொடுக்காமல் காத்திருந்து, டி.பி. என்று பிறகு தெரிந்தால், போன மூளை திரும்பாது. ஒன்று திருத்தக்கூடிய தவறு, இன்னொன்று திருத்த முடியாதது. டாக்டர் சந்தேகப்பட்டு மருந்து தொடங்கினால் குடும்பம் குறுக்கே நிற்கக் கூடாது.

மருந்தோடு ஸ்டீராய்டும் வரும். டெக்சாமெத்தசோன் ஆறு முதல் எட்டு வாரம், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே. 2004-ல் வெளிவந்த வியட்நாம் ஆய்வில் 545 பேரைப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு இல்லாதவர்களில் 41 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்கப்பட்டவர்களில் 32 சதவீதம். பிழைத்தவர்களின் ஊனத்தை அது தெளிவாகக் குறைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் 2023-ல் வந்த ஆய்வில் இந்த நன்மை உறுதிப்படவில்லை. அதனால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அந்த விடையைப் பொறுத்துத்தான் மருத்துவமே மாறும். இருந்தால்கூட எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்காமல் சில வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள்.

மும்பைக்கென்று ஒரு கவலை உண்டு. மருந்துக்கு மசியாத டி.பி. இந்த ஊரில் அதிகம். 2012 தொடக்கத்தில் எந்த மருந்துக்குமே கட்டுப்படாத டி.பி. என்று மும்பையிலிருந்து வந்த செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதனால் முதல் நாளே டாக்டரிடம் இரண்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இவர் முன்பு டி.பி. மருந்து சாப்பிட்டு நடுவில் விட்டவரா, வீட்டிலோ பட்டறையிலோ யாருக்காவது மசியாத டி.பி. இருந்ததா. வெட்கப்பட்டு மறைத்தால், பலிக்காத மருந்தில் வாரங்கள் வீணாகும். தம்பி வேலை பார்த்த பட்டறையில் ஒருவர் அப்படி இருந்ததாக ஒரு பேச்சு இருந்தது. சொன்னோம். விசாரித்தார்கள், அது சாதாரண டி.பி.தான் என்று தெரிந்தது.

தலையில் குழாய்

ஸ்கேனில் நீர் கோத்திருந்தது. அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், முதுகிலிருந்து திரும்பத் திரும்ப நீர் எடுக்கலாம், தலையிலிருந்து தற்காலிகமாக வெளியே பைக்குக் குழாய் விடலாம், அல்லது தோலுக்கு அடியிலேயே தலையிலிருந்து வயிற்றுக்கு ஷன்ட் என்ற குழாய் வைக்கலாம். எது என்பதை நீர் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். குடும்பத்தின் பங்கு இழுத்தடிக்காமல் இருப்பது. "தலையத் திறக்காண்டாம், இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்று வரும் குரல்களுக்கு நான் வேலூரைச் சொல்வேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இப்படிக் குழாய் வைத்த 114 பேரை நெடுநாள் கவனித்து 1991-ல் எழுதினார்கள். அவர்கள் வகுத்த நான்கு நிலைகளை உலகம் முழுக்க வேலூர் நிலை என்றே அழைக்கிறார்கள். முதல் நிலையில் வைத்தவர்களில் 20 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆழ்ந்த மயக்கத்தில், நான்காம் நிலையில் வைத்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் நான்காம் நிலையிலும் சிலர் தேறியிருக்கிறார்கள், அதனால் நம்பிக்கை விட வேண்டியதில்லை. ஆனால் அதே குழாய்தான், வைத்த நாள்தான் வேறு.

தம்பிக்கு மூன்றாம் நாள் ஷன்ட் வைத்தார்கள். மூக்குக் குழாய் வழியே பொடித்த மாத்திரை போகும். மறுநாள் சிறுநீர்ப் பை ஆரஞ்சு நிறமானதைப் பார்த்துச் சித்தி அலறிவிட்டாள். ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது, மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். அதைவிட நான் பயந்தது அவள் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த இளநீருக்கு. அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். பாசத்தில் கொடுக்கும் ஒரு மிடறு நிமோனியாவில் முடியும்.

ஊருக்கு எப்போது

ஒரு மாதம் கழித்து டிஸ்சார்ஜ் என்றதும் பழைய பேச்சு திரும்ப வந்தது. இப்போது அதற்கு அர்த்தம் இருந்தது.

டி.பி.க்காரரை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்குச் சொன்னதே சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் மாத்திரை சாப்பிட்டவர்கள் சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் படுத்தவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள் என்று 1959-ல் காட்டியது. அது நுரையீரல் டி.பி.க்குச் செய்த ஆய்வு. மூளைக்கு முதல் வாரங்கள் ஆஸ்பத்திரிதான். அதற்குப் பிந்தைய மாதங்களுக்குச் சென்னையின் பாடம் பொருந்தும்: ஒழுங்காக மாத்திரை போகும் வீடு எதுவோ அதுவே நல்ல வீடு. மூளைக்குக் குறைந்தது ஒன்பது மாதம், பல டாக்டர்கள் பன்னிரண்டு வரை கொண்டுபோகிறார்கள்.

ஊரில் திண்ணை உண்டு, காற்று உண்டு, ஆச்சி உண்டு. இங்கே பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், மாடிக்கு இரும்பு ஏணி. ஒரு கை தளர்ந்தவன் அந்த ஏணியில் ஏற முடியாது. இங்கே இருந்தால் பட்டறை முதலாளி வேலைக்குக் கூப்பிடுவார், அவனும் போய்விடுவான். தராசு ஊர்ப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனாலும் நான் இரண்டாம் மாதம் முடியட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஸ்டீராய்டைக் குறைக்கும் அந்த வாரங்களில், மருந்து வேலை செய்யும்போதே தலைவலியும் காய்ச்சலும் திரும்ப வரலாம். கிருமி சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. தெரியாதவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். காமாலை வருவதும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு மாதத்தில்தான். ஷன்ட் அடைத்துக்கொள்வதும் நடக்கும். அந்த நேரத்தில் குழாய் வைத்த டாக்டர் பதினைந்து நிமிஷத்தில் இருக்க வேண்டும், ஒன்றரை நாள் தள்ளி இருக்கக் கூடாது.

போகும்போது நிக்ஷய் எண்ணை, அதாவது அரசு டி.பி. திட்டத்தில் அவனுக்குக் கொடுத்த பதிவு எண்ணை, ஊருக்கு மாற்றச் சொன்னோம். அந்த எண் இருந்தால் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தொடரும், புதிதாகப் பதிய வேண்டாம். சத்துணவுக்கு மாதம் தரும் பணமும் அதே எண்ணில்தான் வரும், 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். இடமாற்றம் காகிதத்தில் முடிய நாளாகும் என்று பயந்து ஒரு மாத மாத்திரையைக் கையில் கேட்டு வாங்கினோம். ஸ்கேன் படம், ஷன்ட் விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் தாள், குறைத்துக்கொண்டு போக வேண்டிய ஸ்டீராய்டு அளவு தேதிவாரியாக. எல்லாம் சித்தியின் மஞ்சப்பையில். தலைவலியோ வாந்தியோ திரும்ப வந்தால் உள்ளூர் மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்று தாளின் மேலேயே தமிழில் எழுதிக் கொடுத்தேன். இங்கே அதே அறையில் படுத்துத் தூங்கிய அக்காவின் மூன்று வயதுப் பிள்ளையையும் பரிசோதித்து, தடுப்பு மாத்திரை தொடங்கியாயிற்று.

இது ஏழாவது மாதம். தாமிரபரணிக்கு நடந்தே போய் வருகிறான். பேச்சு தெளிந்துவிட்டது, தையல் மெஷினை வாங்கி வைக்கச் சொல்லி ஃபோனில் நச்சரிக்கிறான். இடது கைதான் இன்னும் பொத்தான் போட மறுக்கிறது. நர்சிங் ஹோமில் பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்த நாட்களை நான் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஆச்சி அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, இடது கையில் ஒரு பிடி மொச்சைக்கொட்டையைக் கொடுத்து ஒவ்வொன்றாகச் சொளகில் போடச் சொல்கிறாளாம். நேற்று பதினொன்று போட்டானாம்.